அதே மண்ணிறக் கோடு

என் அப்பாவைப் போல ஒரு மொக்கு மண்டை சிட்னியிலேயே இல்லை என்று நான் முடிவுகட்டியபோது எனக்கு ஒன்பது வயது. எழுபதுகளின் நடுப்பகுதி; நாங்கள் கொழும்பிலிருந்து வந்து குடியேறியிருந்த காலம்.

அப்பா வென்ட்வேர்த்வில்லில் ரயிலேறிப் போய் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் ஒன்றில் நேர்முகப் பரீட்சைக்குப் போய்த் தோற்றிருந்தார். இப்போது இரண்டாம் தரம் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் போனால் சாகும்வரை பெட்டிதான் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அதற்காக அப்பா மொனாரோ மேட்டுநிலத்தின் வரைபடத்தை வாங்கிவந்து குசினி மேசையில் விரித்தார். மரங்கள் அருகிய, செம்மறிகளும் மாடுகளும் மேயும் பெருவெளி. பள்ளிக்கூடத்தில் வரைபடம் வாசிக்கும் பாடத்தை அப்போதுதான் படித்திருந்தேன். அகப்பட்டுக்கொண்டேன்.

"பிள்ளை, இந்த மண்ணிறக் கோடு என்ன?"

"உயரம் அப்பா. கோடு நெருங்கியிருந்தா செங்குத்து, விலகியிருந்தா சமதரை."

"இங்கிலிசில சொல்லு."

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். விட்டுவிட்டு ஓடும் நீலக் கோடு கோடையில் வற்றும் ஓடை, கறுப்புச் சதுரம் பண்ணைவீடு என்று ஒவ்வொன்றையும் நாலு தரம் சொன்னேன். வரைபடத்தைப் பாருங்கோ என்றால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்த நாள் பின்னேரம் வந்தால், கடவுளே, திரும்பவும் அதே மண்ணிறக் கோடு! வெளியே மற்றப் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஓ டாட், இட்ஸ் ஈஸி!" என்று கத்திப் பென்சிலை எறிந்தேன். அம்மா அகப்பையோடு வந்தார். அப்பா கையை நீட்டி மறித்தார்.

"பிள்ளை, அதையும் இன்னொருக்காச் சொல்லு."

எரிச்சலில் அழுதேவிட்டேன்.

வேலை கிடைத்தது. நான் படிப்பித்துத்தான் கிடைத்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்பா ஓய்வு பெற்ற வருடம் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது ஒரு சுருள் அகப்பட்டது. கொழும்பில் பதினைந்து வருடம் அவர் கையால் வரைந்த மலைநாட்டு வரைபடங்கள். தலைமயிரை விட மெல்லிய மண்ணிறக் கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஆயிரக்கணக்கில்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏன் என்னை அந்தப் பாடு படுத்தினவர்?" என்று அம்மாவிடம் சீறினேன்.

"முதல் தரம் அந்த நேர்முகத்துக்குப் போன நேரம் இவர் கதைச்ச இங்கிலிஸ் அவங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையாம். அதான் உன்ர வாயைப் பாத்துப் பழகினவர்."

கோடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் என்னிடம் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.