அப்பாமாரை ஃபெயிலாக்கிய சூசை அண்ணன்

செய்தி வந்தபோது நான் கிளமெண்டியில், நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். நம் கோயில் தமிழ்ப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் சூசை அண்ணனின் படம் வந்தது. அடுத்த கேள்வியை யாரிடம் கேட்கலாம் என்று தேடுகிற அதே முகம். படத்தின் கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் எதையும் போடவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினேன்.

என் மனைவி எமல்டா அழைத்தாள்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“சாயந்திரம் போகணும்.”

“நீ போயிட்டு வா.”

“செத்தவர்கிட்டயுமா வீம்பு? ரெண்டு பேரும்தான் போறோம். ஆரோனையும் வரச் சொல்லிட்டேன்.”

ஆரோன் எங்கள் ஒரே மகன். அவன் கோயிலுக்கு வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வெளியிடும் இந்தச் சிறு நினைவு மலருக்கு எழுதித் தருமாறு பிரிவுச் செயலாளர் கேட்டார். நல்லதை மட்டும் எழுத என்னால் முடியாது என்றேன். “நீங்க எழுதுங்க, நாங்க கொஞ்சம் குறைச்சுக்கிறோம்” என்றார். குறைக்காமல் போடுவதாக இருந்தால் தருகிறேன் என்றேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

எனக்குச் சூசை அண்ணனிடம் ஒரே ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. “அன்று உன்னிடம் நடந்துகொண்டது தப்பு” என்று எமல்டாவிடம் அவர் ஒருமுறை சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோர், அதுவும் வீட்டில், என்று எல்லாப் பங்குகளிலும் சொல்வார்கள். சொல்லிவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள். நம் மறைக்கல்வி வகுப்புக்குப் பொறுப்பாக இருந்த சூசை அண்ணன் விட்டதில்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எடையைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் பிள்ளைகளின் வீடுகளுக்கு அவரே நேரில் வருவார். வந்து, பிள்ளையை ஒன்றும் கேட்கமாட்டார். அப்பாவைத்தான் கேட்பார். “பிள்ள கிளிப்பிள்ள மாதிரி, சொல்லிக்குடுத்தா சொல்லிடும். பாரம் யாரு மேல நிக்குதுன்னு பாக்கணும்லா” என்பார்.

வீட்டுக்கு வந்து கேட்டால்கூடப் பரவாயில்லை. ஞாயிறு பூசை முடிந்து நம்மில் பாதிப் பேர் ஆட்டிறைச்சி வாங்கத் தேக்கா சந்தைக்குப் போவோம். அவரும் கையில் பிளாஸ்டிக் கூடையோடு வருவார். ஒருமுறை என் நண்பர் ஒருவர் அவரைத் தூரத்தில் கண்டதும் மீன்கடைப் பக்கம் திரும்பி, வாங்க நினைக்காத வஞ்சிரத்துக்கு விலை பேச ஆரம்பித்தார். அண்ணன் பின்னாலேயே போய் நின்றார்.

“மீனு அப்புறம் வாங்கலாம் தம்பி. பத்துக் கட்டளைல எட்டாவது என்ன?”

நண்பர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லுங்க சார், நானும் கேட்டுக்கிறேன்” என்றார்.

துக்க வீட்டில் இதைச் சொல்லித்தான் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நண்பரும் சிரித்தார். அன்று அவர் மீனும் வாங்கவில்லை, இறைச்சியும் வாங்கவில்லை, நேராக வீட்டுக்குப் போனார் என்பதை நான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது ஒரு சனிக்கிழமை மாலை. அப்போது நாங்களும் அவர் குடியிருந்த ஈசூனில்தான் இருந்தோம். ஆரோனுக்கு எட்டு வயது. அவனுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்தவள் எமல்டா. காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடிக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். சட்டைக்கு ஒரு வரி, காலுறைக்கு ஒரு வரி. நான் கூடத்தில் மாணவர்களின் தாள்களைத் திருத்திக்கொண்டிருப்பேன். அது என் வேலை இல்லை என்று நான் நினைத்ததில்லை. அதைப் பற்றி நினைத்ததே இல்லை.

எமல்டா தேநீர் கொண்டுவந்தாள். “தண்ணி போதும் தங்கச்சி. வீட்டுக்கு வீடு டீ குடிச்சா நான் எப்பத் தூங்குறது?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, குடும்ப ஜெபத்த ஆரம்பிங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்க.”

மிஷன் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவன் நான். மூவொரு கடவுளைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். ஆனால், பாவத்துக்கு மனம் வருந்திச் சொல்லும் செபம் தமிழில் இரண்டாவது வரிக்கு மேல் எனக்கு வரவில்லை. ஆரோன் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து அடுத்த வரியைக் காட்டினான். பிடித்துக்கொண்டேன். மறுபடி நின்றேன். மறுபடி காட்டினான்.

“ஓ, இங்க பையன்தான் அப்பாவுக்கு கிளாஸ் எடுக்குறானா?” என்று அண்ணன் சிரித்தார்.

“நான் தெனமும் அவனுக்கு...” என்று எமல்டா ஆரம்பித்தாள்.

“தெரியுது தங்கச்சி, தெரியுது” என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கோயில் கூடத்தில் பெற்றோர் கூட்டம். நீங்களும் இருந்தீர்கள். “மூணு வீட்டுல அப்பாமாரு ஃபெயில். அந்தப் பிள்ளைங்க அடுத்த வருஷம் வாங்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பெயர்களை வாசித்தார். பிள்ளைகளின் பெயர்கள் அல்ல, எங்கள் பெயர்கள். முதல் பெயர் அவருடைய சொந்தத் தம்பியினுடையது. ஆள் பார்த்துச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்றாவது பெயர் என்னுடையது.

எமல்டா எழுந்து நின்றாள். “அண்ணே, என் பையனுக்கு எல்லா ஜெபமும் தெரியும். நான் சொல்லிக்குடுத்திருக்கேன். அது ஒண்ணுமே இல்லையா? நானும் பெத்தவதானே?”

“நீ நல்லாத்தான் செஞ்ச தங்கச்சி. ஆனா அப்பன் முட்டி போடாத வீட்டுல அது நிக்காதுலா.”

ஃபாதர் தன் செருப்பைப் பார்த்தார். உங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எமல்டா நின்றுகொண்டே இருந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, “உக்காரு, மானம் போகுது” என்றேன். உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தக் கூடத்தில் அவள் எதற்காகவும் எழுந்து பேசியதை நான் பார்த்ததில்லை.

புதுநன்மைக்காகத் தேக்காவில் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்த வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும் ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தன. ஆரோன் அவற்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான். “அப்பா, நான் எதுல ஃபெயில்?”

“நீ ஃபெயில் இல்லப்பா.”

“தென் ஒய் நான் வாங்கல?”

இந்தக் கேள்வியைச் சூசை அண்ணன் வந்து காதால் கேட்டிருக்க வேண்டும். அவர்தான் பிள்ளைகளிடம் எதுவும் கேட்பதில்லையே.

அடுத்த ஓர் ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததற்கு அவரையே பொறுப்பாக்கி வந்திருக்கிறேன். வஞ்சம் தீர்க்கிற வெறியோடு எல்லாச் செபங்களையும் மனப்பாடம் செய்தேன். தினமும் மாலை ஏழு மணிக்கு ஆரோனை உணவு மேசையில் எதிரே உட்கார வைத்தேன். அட்டைகளில் கேள்வி எழுதி வைத்திருந்தேன். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. எமல்டா இரண்டாம் வாரமே, “நீங்களே பாத்துக்குங்க” என்று துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஒருநாள் ஆரோன் விசுவாசப் பிரமாணத்தின் நடுவே அழுதுவிட்டான். அழுது முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னேன்.

மறுபடி அண்ணன் வந்தார். கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் நான் பிசகில்லாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏட்டில் கையெழுத்துப் போட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, “மார்க் முழுசும் குடுத்துட்டேன் தம்பி. ஜெபம்தான் இன்னும் வரல” என்றார். இப்படி ஒரு வாக்கியத்தை ஒருவன் வீட்டில் விட்டுவிட்டுப் போக எவ்வளவு திமிர் வேண்டும் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

ஆரோன் புதுநன்மை வாங்கினான். ஓராண்டில் வளர்ந்துவிட்டதால் வெள்ளை உடுப்பைப் புதிதாகத்தான் தைக்க வேண்டியிருந்தது. பதினாறு வயதில் கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். ஏன் என்றேன். “பா, எனக்கு ஜெபம்னாலே டியூஷன் மாதிரி இருக்கு” என்றான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அண்ணன் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரத் தொடங்கிய நாட்களில், ஈசூன் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். நலம் விசாரிக்கப் போகவில்லை.

“வா தம்பி. இன்னும் கோவமா?”

“எமல்டாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்ணே. அன்னிக்குச் செஞ்சது தப்புன்னு.”

கையில் ஊசி குத்திய இடத்துத் துணிக்கட்டைத் தடவிக்கொண்டு யோசித்தார். “தப்புன்னா சொல்லிடுவேன். உன் பையன் இப்பக் கோயிலுக்கு வர்றானா?”

“வர்றதில்ல” என்றேன்.

“பாத்தியா, நிக்கல. நான் சொன்னதுதானே நடந்துச்சு?”

“தள்ளி விட்டதும் நீங்க. விழுந்துட்டான்னு சொல்றதும் நீங்களா?” என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. “கேட்டச் சாத்திட்டுப் போ தம்பி.” நான் சாத்தவில்லை. எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

இறந்த அன்று மாலை அவருடைய அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வழக்கமாகச் செபமாலை தொடங்கி வைப்பவர் வந்து சேரவில்லை. செயலாளர் என்னிடம் வந்தார். “சார், நீங்க ஆரம்பிச்சு வைங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடம்.”

எழுந்தேன். வாட்ஸ்அப் படத்தில் போட்டிருந்த அதே கோட்டோடு அண்ணன் பெட்டிக்குள் கிடந்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் வேணாம். எமல்டாவக் கேளுங்க. எங்க வீட்டுல பையனுக்குச் சொல்லிக்குடுத்தது இவதான். நான் இல்ல.”

தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்த கடலையை உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

எமல்டா என்னைத் திரும்பிப் பார்க்காமலே, எனக்கு மட்டும் கேட்கும்படி, “பதினஞ்சு வருஷம் ஆச்சா இதச் சொல்ல?” என்றாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்று தொடங்கினாள்.

அவள் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மறுபாதியைச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் ஓர் இளம் குரல் கேட்டது. ஆரோன் கால்சட்டைப் பைகளில் கைகளை விட்டுக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்று, தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஓர் இடத்திலும் தடுமாறவில்லை.

முடிந்ததும் அவனிடம் போனேன். “எல்லாம் ஞாபகம் இருக்கா?”

“அம்மா வாய்ஸ்ல இருக்கு பா. உங்க வாய்ஸ்ல ஒண்ணுமே இல்ல.”

“அப்ப ஞாயித்துக்கிழம வர்றியா?”

“நோ பா” என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான்.

நிற்காது என்று அவர் சொன்னது எங்கோ நின்றிருக்கிறது, அவள் நிறுத்தி வைத்த இடத்தில். அதை அவருக்கு மூன்றடி தூரத்தில் வைத்து அவள் காட்டினாள், அவரால் பதில் பேச முடியவில்லை. எனக்கு அது திருப்தியாக இருந்தது. துக்க வீட்டில் திருப்திப்பட்டதற்கு நான் வெட்கப்படவில்லை.

சூசை அண்ணனின் நினைவாக நீங்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறீர்கள். அவருடைய கண்டிப்பு, அந்தப் பிளாஸ்டிக் கூடை, சந்தைச் சிரிப்பு. என்னிடம் இருப்பது கோபம் மட்டும்தான். அதில் பாதிக்கு அவர் காரணம் இல்லை என்று அன்று மாலை தெரிந்துகொண்டேன். ஆனாலும் பிரித்து வைக்க மனம் வரவில்லை. முழுவதையும் அவர் பெயரிலேயே வைத்திருக்கிறேன்.