நானே பிரித்து மாட்டிய சைக்கிள்

பருத்திப்பட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் கம்பெனிக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். நாற்பத்தாறு வயதுப் பெண் சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் மிதித்துக்கொண்டு போவதை முதலில் பலர் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு வருடம் ஆனபின் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முன்னால் கூடை வைத்த சாதாரண லேடீஸ் சைக்கிள் அது. கியர் எல்லாம் கிடையாது. ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போவதைவிட அது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

போன மழைக்காலம் முடிந்த சமயத்தில் அதில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வலது கால் கீழே அழுத்தும்போது ‘கடக்’ என்று ஒரு அடி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. திருமுல்லைவாயல் தாண்டுவதற்குள் அந்தச் சத்தம் என் முழங்காலுக்குள்ளிருந்தே வருவது போல ஆகிவிடும்.

ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பூந்தமல்லிக்காரர், ஏறக்குறைய என் வயதுதான். பஞ்சரிலிருந்து பிரேக் கட்டை வரை எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவேன். வண்டியை விட்டேன், மாலையில் சரியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் சத்தம் திரும்பிவிட்டது. மறுபடி விட்டேன். செயின் இழுத்துவிட்டது என்று புதுச் செயின் மாட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் தாங்கியது. மூன்றாம் முறை போனபோது அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை.

“பழைய வண்டிமா இது. கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். புச்சா ஒண்ணு எடுத்துக்கயேன்” என்றார்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கம்பெனியில் என்னுடைய வேலை சோதனைப் பிரிவில். பம்புக்குள் போகும் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அளவு பார்த்து, சுற்றவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டியில் போடுவேன். பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். சூப்பர்வைசரே வந்து “கொஞ்சம் சத்தம்தானே, விட்டுடும்மா” என்றாலும் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் என் சொந்த சைக்கிளில் ‘கடக்’ என்று சத்தம் வர, சரி போகட்டும் என்று மிதித்துக்கொண்டிருக்கிறேனே என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

“ஞாயித்துக்கெழமை நானே பிரிச்சுப் பாக்கப் போறேன்” என்று வீட்டில் சொன்னேன்.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். “வேன் ரிப்பேர்னா நானா அவுத்துப் பாத்துகினு கீறேன்? மெக்கானிக்காண்ட உட்டா வேலை முடிஞ்சுது. ஒனக்கு இன்னாத்துக்குமே இதெல்லாம்?” என்றார்.

“மூணு தபா போயாச்சுங்க. வேலை முடியலயே.”

அவர் வேனிலிருந்து ஸ்பேனர்களையும் சுத்தியலையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

பெடலைத் தாங்கும் இரும்புக் கையை கிராங்க் என்பார்கள். அதை நடு அச்சோடு இறுக்கிப் பிடித்திருப்பது விரல் அளவே உள்ள ஒரு ஆப்பு, காட்டர் பின். அதைக் கழற்றினால்தான் உள்ளே பார்க்க முடியும். செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. பின்னின் நட்டை முழுசாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பின் வெளியே வரவில்லை. நாலு அடியில் நட்டு ஏறும் அதன் திருகுமரை நசுங்கி, தலை காளான் மாதிரி விரிந்துகொண்டது. இப்போது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கணவர் டீ டம்ளரோடு வாசலுக்கு வந்து பார்த்தார். அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வேறு வழியில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு பாய் கடைக்கே போனேன். அவர் குனிந்து பார்த்தார்.

“யாருமா இத அடிச்சது?”

“நான்தான் பாய்.”

“நட்டக் கழட்டிட்டு அடிச்சியா? நட்ட பாதி லூசாக்கிட்டு அதுமேல அடிக்கணும். அப்பதான் மரை கெடாது. அடில ஒரு பைப்ப முட்டுக் குடுக்கணும்.” சொல்லிக்கொண்டே கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தினார். நசுங்கிய தலையை அரத்தால் தேய்த்து, ஒரு கம்பியை வைத்து, ஒரே அடி. பின் தெறித்துக் கீழே விழுந்தது.

“சரி, வண்டி இங்கியே இருக்கட்டும். செவ்வாக்கெழமை வந்து எடுத்துக்க” என்றார்.

சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. கையெல்லாம் கறுப்பு, விரல் முட்டியில் தோல் உரிந்து எரிச்சல். ஆனாலும், “இல்ல பாய். மிச்சத்த நானே பாத்துக்கறேன். ஒரு புதுப் பின் மட்டும் குடுங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பின்னை எடுத்துக் கொடுத்தார்.

கழன்ற கிராங்கைக் கூடையில் போட்டுக்கொண்டு, ஒற்றைப் பெடலோடு அந்த வண்டியை எங்கள் ஊர் ஏரிக்கரை வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் விபத்தாகிவிட்டதோ என்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, அச்சின் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும் இடது பக்கத்து வளையத்தைத் திருகினேன். துரு பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, ஸ்பேனரில் என் முழு பாரத்தையும் போட்டேன். மெதுவாக ஒரு முனகல், அப்புறம் இளகிவிட்டது. மூடியைக் கழற்றி அச்சை உருவினேன். கறுப்புச் சேறு மாதிரி கிரீஸும் அதோடு சின்ன இரும்புக் குண்டுகளும் செய்தித்தாளில் கொட்டின. இரண்டு பக்கத்துக் குண்டுகளையும் தனித்தனியாகப் பொறுக்கி டப்பா மூடிகளில் போட்டுக் கழுவினேன்.

இடது பக்கம் பதினொரு குண்டு இருந்தது. வலது பக்கம் ஒன்பதுதான் முழுசு. மீதி இரண்டும் உடைந்து கிடந்தன. அதில் ஒன்று சரிபாதியாகப் பிளந்து, பொட்டுக்கடலை மாதிரி இருந்தது.

அந்தப் பாதிக் குண்டை விரலில் எடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சத்தத்துக்கு இப்போது ஒரு உருவம் இருந்தது. அது என் வெறும் பிரமையில்லை, வண்டிக்கு வயசாகிவிட்டதும் இல்லை. உள்ளே இருந்த கணவரைக் கூப்பிட்டேன். அவர் அதை உள்ளங்கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

“இதானா அது?”

“இதான்.”

“இத்தினூண்டு கீது” என்றார். அதை என் கையில் திருப்பி வைத்துவிட்டு, “நீ சொன்னது கரெக்ட்தான்” என்றார்.

திங்களும் செவ்வாயும் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். அம்பத்தூரில் உதிரிபாகக் கடையில் இருபத்திரண்டு புதுக் குண்டும் ஒரு டப்பி கிரீஸும் வாங்கினேன். உடைந்தது இரண்டே ஆனாலும், தேய்ந்ததோடு புதுசைக் கலந்து போடக் கூடாது என்பது என் தொழிலே எனக்குக் கற்றுக்கொடுத்தது. செவ்வாய் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்துவிட்டேன். குண்டுகள் உட்காரும் இரண்டு பக்கக் கிண்ணங்களிலும் கிரீஸ் தடவி, குண்டுகளை வட்டமாகப் பதித்து, அச்சைச் சொருகி மூடி, புதுப் பின்னை அடித்து கிராங்கை மாட்டினேன். முதல் தடவை இறுக்கம் அதிகமாகி கிராங்க் மாவாட்டுகிற மாதிரி சுற்றியது. கொஞ்சம் தளர்த்தினேன், லொடலொடவென்று ஆடியது. மூன்றாம் தடவை வளையத்தை மயிரிழை அளவு திருப்பி நிறுத்தினேன். பெடலை ஒரு தட்டு தட்டினேன். அது தானாகச் சுற்றி, சுற்றி, சத்தமே இல்லாமல் நின்றது.

அப்படியே ஏறி ஏரிக்கரையில் ஒரு நடை போய்வந்தேன். வலது கால் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. டயர் மண்ணில் உரசுவதும் தண்ணீர்ப் பக்கம் பறவைகள் கத்துவதும்தான் கேட்டது. புது சைக்கிள் வாங்கிய அன்றுகூட நான் இப்படிச் சிரித்துக்கொண்டே ஓட்டியதில்லை.

சனிக்கிழமை பாய் கடைக்குப் போனேன். உடைந்த குண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். சண்டை போடத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். வண்டி கிராங்கைப் பிடித்து ஆட்டினார், சுற்றிவிட்டார். பிறகு ஸ்டூலை இழுத்து எனக்குப் போட்டார்.

“நான் தொறக்கவே இல்லமா” என்றார். “ரெண்டு தபாவும் வெளிலதான் டைட் பண்ணிக் குடுத்தேன். தொறந்தா அர நாள் போயிடும். ஆறு வண்டி மாட்டிகினு கீது, எல்லாம் சாயங்காலமே ஓணும்னு நிக்கறாங்கோ.”

“அத மொதல்லயே சொல்லிருக்கலாமே பாய்.”

“சொல்லிருக்கணும்.” மறுபடி கிராங்கைச் சுற்றிவிட்டார். “நல்லா செட் பண்ணிகீற. ஆட்டமே இல்ல.”

எடுத்துக்கொண்டு போயிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் கம்பெனியில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

அதற்காக எல்லாமே நான் செய்கிறேன் என்று இல்லை. பின்பக்கச் சக்கரத்தின் கோணலை நிமிர்த்துகிறேன் என்று ஸ்போக்ஸைத் திருகி, இருந்ததையும் எட்டுக் கோணலாக்கினேன். அதைப் பாய்தான் சரிசெய்தார். ஆனால் இப்போது நான் வண்டியை விட்டுவிட்டு வருவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறேன், கேட்கிறேன். அவரும் எதைத் திறந்தார், எதைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். பிரேக், செயின், பஞ்சர், பெடல் எல்லாம் என் பொறுப்பு.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை காட்டுப்பாக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அதே சைக்கிளில் போனேன். பூந்தமல்லி சுற்றிக்கொண்டு போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் கதவைத் திறந்ததும் எனக்குப் பின்னால் கணவரின் வண்டியைத் தேடினாள்.

“மாமா எங்கக்கா?”

“அவர் ஊட்ல கீறாரு. நான் சைக்கிள்ல வந்தேன்.”

“அம்மாந்தூரமா? நடுவுல ஏதனா ஆச்சுன்னா இன்னா பண்ணுவ?”

கூடையில் இருந்த பையைத் திறந்து காட்டினேன். இரண்டு ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு கைப்பம்பு, பழைய துணி.

“நானே பாத்துப்பேன்” என்றேன்.