காக்கைச் சுறாவின் முன்பற்கள்

என் நாத்தனார் பொய்ப்பல் செட் செய்கிறவள். எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் பட்டறை. ஒரு செட் முடிந்ததும் உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்ப்பாள். பிறகு, யாரும் இல்லையென்று நினைத்துக்கொண்டு, தன் நாக்கால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். உறுத்தினால் மறுபடி தேய்ப்பு. அப்புறம் வெந்நீரில் கழுவி, சிரித்த முகத்தோடு கொடுப்பாள். நான் பார்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் மியூசியத்துக்காரர் ஒரு தாடையைச் சுமந்துகொண்டு வந்தார். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன சுறாவாம். புத்தகத்தில் ஸ்குவாலிகோராக்ஸ், சொல்லி முடிப்பதற்குள் பல் செட் கழன்றுவிடும். செத்த பிராணியையும் விடாமல் தின்னுமாம். காக்கைச் சுறா என்றே சொல்லலாம் என்றார்.

"காக்காய்க்கு ஏது பல்லு?" என்றாள் நாத்தனார். அவர் சிரிக்கவில்லை.

உடம்பெல்லாம் குருத்தெலும்பு, மக்கிப்போயிற்று. பல் மட்டும் கல்லாகிக் கிடைத்ததாம். தாடையை அவர் சாந்தில் செய்து, அந்தப் பற்களைப் பதித்திருந்தார். முன்வரிசையில் ஆறு ஓட்டை.

"கண்காட்சிக்கு முன்னாடி அடைச்சுக் குடுங்க. நல்லா வந்தா மத்த மீனுக்குப் பல்லு வைக்கிற வேலையெல்லாம் உங்களுக்குத்தான்."

அவர் போனதும் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, வாயைத் திறந்து குறை சொல்லாத கிராக்கி! எப்படியாவது இதைப் பிடிச்சிடணும்."

பற்களைச் செய்து, டீத்தண்ணியில் ஊறவைத்துப் பழுப்பாக்கிப் பதித்தாள். அச்சு அசல். மியூசியத்துக்காரர் வந்து குனிந்து பார்த்தார்.

"ஓரம் ரம்பம் மாதிரி இருக்கணுமே, அது எங்கேம்மா?"

"தேய்ச்சுட்டேன். நாக்கைக் கிழிக்குமில்ல?"

"எந்த நாக்கை?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது செத்து ஆறரைக் கோடி வருஷமாச்சு. வாயெல்லாம் புண்ணுன்னு வந்து நிக்கப் போகுதா?"

"நீ சும்மா இரு அண்ணா. குத்துற பல்லு என் கையால வெளிய போகாது." தாடையை மியூசியத்துக்காரர் பக்கம் தள்ளினாள். "வேற ஆளைப் பாருங்க சார்." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அவர் வெடுக்கென்று தூக்கினார். "ஐயோ!" பக்கவாட்டில் இருந்த அசல் பல் உள்ளங்கையைக் கீறிவிட்டது.

நான் துணி கட்டும்போதே அவர் தாடையின் மேல் குனிந்தார். முன்பல்லைப் பார்த்தார், பக்கப்பல்லைப் பார்த்தார். "ஸ்கூல் பிள்ளைங்க வேற வர்றாங்க" என்று முனகினார்.

கண்காட்சியில் தாடையின் இரு பக்கமும் கண்ணாடி போட்டிருந்தார்கள். நடுவில் மட்டும் திறப்பு. 'முன்பற்கள் மாதிரிக்குச் செய்தவை. தொட்டுப் பார்க்கலாம்' என்று பலகை. அடுத்த மீனுக்கும் அவளிடமே சொல்லியாயிற்று.

பிள்ளைகளின் வரிசையில் நாத்தனாரும் நின்றாள். அவள் முறை வந்தது. ஆறு பல்லையும் விரலால் தடவினாள். நாலாவதில் நெற்றி சுருங்கியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெல்லக் குனிந்தாள்.

எனக்குத் தெரியாதா? ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏய், கூட்டம் பாக்குது!"

"ஒரே ஒரு தடவை, அண்ணி."