தக்காளி சாஸுக்குத் தூக்கிய கை

"இந்த லாந்தருக்குக் குறிப்புத்தாள் வேணும்னு கை தூக்குற ஆம்பளை இன்னும் பொறக்கல. அப்படி ஒருத்தன் பொறந்து வந்தா, பாதி மீசையை எடுத்துட்டு நான் கடைத்தெருவுல நடக்கறேன்."

போர்ட் டிரெவின் ஆடவர் ஷெட்டின் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், தேநீர்க் குவளையும் கையுமாக எழுந்து நின்று கெல்வின் டிரெசைஸ் இப்படி முழங்கியபோது எதிர்ப்புக் குரல் ஒன்றுகூட எழவில்லை. பாதிப் பேர் காதுக் கருவியை அணைத்து வைத்திருந்தார்கள். மீதிப் பேருக்கு அந்த மீசையின் மேல் மரியாதை இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மனைவிமார்களின் கண்ணில் படாமல் எதையாவது ரிப்பேர் செய்துகொண்டிருக்க ஆண்களுக்கென்று ஊர் ஒதுக்கிக் கொடுத்த கொட்டகை அது. அங்கே மீசைதான் சொத்து.

கெல்வினின் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதினால், அது அவர் படிக்காத குறிப்புத்தாள்களின் வரலாறாகவே இருக்கும். துறைமுகத்துக் கோதுமைக் களஞ்சியத்தில் காலமெல்லாம் இயந்திரம் ஓட்டியவர். எந்த இயந்திரமானாலும் முதலில் கையால் தட்டுவார், பிறகு காலால். இரண்டுக்கும் பணியாத எதுவும் அவர் காலத்தில் அங்கே நிலைத்ததில்லை. வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்று உண்டு. பின்கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் பல வருடமாக அதுதான் காவல் காக்கிறது. அவருடைய பிக்கப் வண்டியின் கடிகாரம் வருடத்தில் ஆறு மாதம் சரியான நேரம் காட்டும். கோடை வந்ததும் அரசாங்கம் ஊருக்கெல்லாம் ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளிவிடும். வண்டிக் கடிகாரம் தள்ளாது. அந்த ஆறு மாதமும் அரசாங்கம் தவறு என்பது கெல்வினின் கட்சி.

லாந்தர் பிறந்த கதை இன்னும் கம்பீரமானது. போன குளிர்காலப் புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊரே இருட்டில் கிடந்தது. கடையில் வாங்கிய விளக்குகள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. "நம்ம ஊருக்கு நாமே ஒண்ணு செஞ்சா என்ன?" என்று ஷெட்டில் யாரோ கேட்டார். சார்ஜ் செய்துகொள்ளும் லாந்தர் ஒன்றை ஊர் கூடி வடிவமைக்கும் மகத்தான பணி அப்போதே தொடங்கிவிட்டது. கெல்வின் துணைக்குழுத் தலைவர். அவர் போட்டது ஒரே நிபந்தனை.

"பொத்தான் ஒண்ணுதான். ரெண்டாவது பொத்தான் வச்சா அது லாந்தர் இல்ல, விமானம்."

நிபந்தனை ஏகமனதாக நிறைவேறியது. அதன் பிறகுதான் உறுப்பினர்கள் தத்தம் ஆசைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவருக்கு வெளிச்சம் கூடிக் குறைய வேண்டும். அதற்குப் பொத்தானை அமுக்கியே பிடிக்க வேண்டும். இன்னொருவருக்குப் பூச்சி அண்டாத மஞ்சள் வெளிச்சம் வேண்டும். மூன்று முறை அமுக்க வேண்டும். மின்கலத்தில் எவ்வளவு மிச்சம் என்று லாந்தரே கண்சிமிட்டிச் சொல்ல வேண்டும் என்றார் வேறொருவர். அவருக்கும் இத்தனை அமுக்கு என்று ஒரு கணக்கு ஒதுக்கப்பட்டது. யார் மனமும் நோகவில்லை. ஊர் ஆசை முழுவதும் அந்த ஒற்றைப் பொத்தானுக்குள் குடியேறியது.

கடைசியாகச் செயலாளர் ஹெட்லி எழுந்தார். ஹெட்லி ஓய்வுபெற்ற தபால்காரர். எதையும் மூடி ஒட்டிவைப்பதில் நம்பிக்கை உள்ளவர். அவருடைய மாதிரி லாந்தர் கார் டிக்கியில் கிடந்தபோது உருளைக்கிழங்கு மூட்டை இடித்துத் தானே எரிந்து, இருந்த சார்ஜ் முழுவதையும் கிழங்குக்கே செலவழித்துவிட்டது.

"ஒரு பூட்டு வேணும். நாலு தடவை அமுக்கினா பூட்டிக்கணும். மறுபடி நாலு தடவை அமுக்கினா திறந்துக்கணும். பூட்டியிருக்கும்போது அமுக்கினா, விரல் இருக்கிற வரைக்கும் மினுக்குனு ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவுதான்."

"லாந்தருக்கு எதுக்குய்யா பூட்டு? உள்ளே நகை நட்டு ஏதாவது வச்சிருக்கியா?" என்றார் கெல்வின்.

ஓட்டெடுப்பு சரிபாதியாக நின்றது. இன்னும் ஒரு கை ஏறினால் பூட்டு உண்டு, ஏறாவிட்டால் இல்லை. அந்தச் சரித்திர நேரத்தில்தான், இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டிகள் சூடாக வந்து இறங்கின. தன் பேஸ்டியைக் கடித்த கெல்வின், சாஸ் பாட்டில் மேசையின் மறுகோடியில் இருப்பதைப் பார்த்தார். வாய் நிறைந்திருந்ததால் கையைத் தூக்கினார்.

"தீர்மானம் நிறைவேறியது," என்றார் ஹெட்லி. "பெரிய மனசு, கெல்வின்."

பாட்டிலும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

"இதுல என்னய்யா பெரிய மனசு? இது இல்லாம எப்படித் தொண்டையில இறங்கும்?"

இத்தனையையும் ஒரு பக்கத்தில் அடக்கித் தட்டச்சு செய்தவள் ரேலீன், கெல்வினின் மனைவி. அந்தத் தாளை ஒவ்வொரு லாந்தர் பெட்டியிலும் வைக்கலாமா என்பது அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டுக்கு வருவதாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் கெல்வின் மீசையைப் பணயம் வைத்தார். செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"மீசையைப் பந்தயம் கட்டினியாமே?"

"கட்டினேன்."

"பாதி மீசையோட என் எதிர்ல உக்காந்து நீ சாப்பிட முடியாது, கெல். அதனால வீட்டுக்குள்ளேயே பரீட்சை வச்சுடலாம். சனிக்கிழமை நான் படகுல கணவாய் மீன் பிடிக்கப் போறேன். படகு இறக்குற சரிவுல விளக்குக் கம்பம் இன்னும் விழுந்தேதான் கிடக்கு. பொழுது சாயும்போது நீ லாந்தரோட அங்க நில்லு. என் மோட்டார் சத்தம் கேட்டதும் முழு வெளிச்சம் வை. அதைப் பார்த்துத்தான் பாறைக்கு இந்தப் பக்கமா நான் திரும்பணும்."

"இதுக்குப் பேர் பரீட்சையா?"

"வண்டி விளக்கு கூடாது, டார்ச்சு கூடாது, தாளும் கூடாது. நீ ஜெயிச்சுட்டா தாளை நானே கிழிச்சுப் போடறேன்."

"இப்பவே கிழிச்சுடு. அடுப்பு பத்த வைக்க ஆகும்."

சனிக்கிழமை மாலை கெல்வின் சரிவில் நின்ற தோற்றத்தை யாராவது சிலையாக வடித்திருந்தால், திறந்துவைக்க மேயர் ஓடி வந்திருப்பார். ஒருமுறை அமுக்கினார், லாந்தர் எரிந்தது. இன்னொரு முறை அமுக்கினார், அணைந்தது. வேறென்ன வேண்டும் மனிதனுக்கு? கடல் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் காத்திருந்தார்.

கெல்வினிடம் ஒரு சின்னப் பழக்கம் உண்டு. காத்திருக்கும்போது அவர் கட்டைவிரல் சும்மா இராது. கூட்டங்களில் பேனாவின் தலையை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பார். அன்றைக்குக் கையில் பேனா இல்லை.

டக், டக், டக், டக்.

தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. கெல்வின் லாந்தரைத் தலைக்கு மேலே உயர்த்தி, பொத்தானை அமுக்கினார். மின்மினி அளவுக்கு ஒரு வெளிச்சம் வந்தது. விரலை எடுத்தார், அதுவும் போயிற்று. மறுபடி அமுக்கினார். வந்தது, போயிற்று. கையால் தட்டிப் பார்த்தார். காலால் தட்ட மனம் வரவில்லை; ஆயிரம்தான் இருந்தாலும் பெற்ற பிள்ளை.

மோட்டார் சத்தம் நெருங்கியது. வண்டி பத்தடி தூரத்தில்தான் நின்றது. அதன் முகப்பு விளக்கைப் போட ஒரு நொடி ஆகாது. அந்த ஒரு நொடியில் மீசையும் மானமும் போய்விடும். கெல்வின் பொத்தானை அமுக்கியபடியே அசையாமல் நின்றார். கட்டைவிரல் மரத்துப்போனது. விரலை மாற்றும்போதெல்லாம் வெளிச்சம் அணைந்து எரிந்தது.

"கெல்! என்ன சமிக்ஞை அது? வரச் சொல்றியா, போகச் சொல்றியா?" தண்ணீரிலிருந்து ரேலீன் கத்தினாள்.

"வா, வா! கண்ணு கூசக் கூடாதுன்னு குறைச்சு வச்சிருக்கேன்!"

"கூசட்டும், பரவாயில்ல! பாறை தெரியல!"

படகின் வேகம் குறைந்தது. கீழே அலுமினியப் படகு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நீண்ட, அழகில்லாத சத்தம்.

"இடது பக்கம் வெட்டு! இடது!" என்று கெல்வின் அலறினார்.

"கயிறு போடறேன், பிடி!"

கயிற்றைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். லாந்தருக்கு ஒரு விரல் வேண்டும். துணைக்குழுத் தலைவர் கணமும் யோசிக்கவில்லை. லாந்தரை நெஞ்சோடு அணைத்து, முகவாய்க்கட்டையால் பொத்தானை அழுத்தி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். படகிலிருந்து பார்த்தால், கும்மிருட்டில் ஒரு மீசை மட்டும் தனியாக எரிந்துகொண்டிருந்தது.

ரேலீன் இறங்கினாள். மீசையைச் சற்று நேரம் பார்த்தாள். அதன் அடியிலிருந்து லாந்தரை உருவி, நான்கு முறை அமுக்கிவிட்டு, இன்னொரு முறை அமுக்கினாள். சரிவு, பாறை, படகின் வயிற்றில் விழுந்த புதுக் கீறல், கூடையில் கிடந்த மூன்று கணவாய், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"பூட்டு விழுந்திருக்கு."

"பூட்டா? எந்த மடையன் இதுல பூட்டு வச்சது?"

"நீதான். உன் கை ஏறினதாலதான் நிறைவேறிச்சுன்னு ஹெட்லி சொன்னானே."

பேஸ்டியின் ருசி கெல்வினின் நாக்கில் வந்து போயிற்று.

"நான் சாஸ் கேட்டேன்," என்றார், மெதுவாக.

ரேலீன் சிரிக்கவில்லை. "படகுக்கு ஒண்ணும் ஆகல. வண்டியில துணி இருக்கும், எடுத்துக் கை துடைச்சுக்கோ. நான் கணவாயைச் சுத்தம் பண்ணிட்டு வரேன்," என்று லாந்தரை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடிக்குப் போய், அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

வண்டியின் முன்பெட்டியில் துணி இருந்தது. துணிக்கு அடியில் அந்தத் தாளும் இருந்தது. கெல்வின் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் வண்டிக்குள் வெள்ளை வெளிச்சம் பரவியது. பிறகு மஞ்சளானது. பிறகு மெல்லக் குறைந்து, மெல்லக் கூடியது. கண்சிமிட்டியது. அணைந்து, மினுக்கி, மறுபடி எரிந்தது. மூன்றே மூன்று கணவாயை அவ்வளவு நேரம் யாரும் கழுவியதில்லை. ரேலீன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது, பேஸ்டியும் வந்தது. பெட்டிக்கு ஒரு குறிப்புத்தாள் வைக்கும் தீர்மானத்தை ஹெட்லி உரக்கப் படித்தார்.

"ஆதரிக்கிறவங்க?"

கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் ஏறியது. ஹெட்லி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். போன தடவை நடந்தது இதற்குள் ஊருக்கே தெரிந்திருந்ததால், இந்த முறை அவர் அவசரப்படவில்லை. சாஸ் பாட்டிலை எடுத்துக் கைமாற்றிக் கைமாற்றிக் கெல்வினின் எதிரே கொண்டுபோய் வைக்கச் செய்தார். கூட்டம் காத்திருந்தது.

கெல்வின் பாட்டிலை இடதுகையால் ஓரமாகத் தள்ளி வைத்தார். வலதுகை இறங்கவில்லை. வேலையில்லாமல் போன இடதுகை மேலே வந்து, மீசையின் இரண்டு முனைகளையும் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டது.