இலை சிவப்பு, பூ பச்சை

ஆரணியில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த இளஞ்செழியன், இளம் வயதிலேயே ஸ்கிரீன் பிரின்டிங்குக்கு மாறிவிட்டார். கொட்டகையின் நீண்ட மேசையில் பட்டுப் புடவையை விரித்து, நிறத்துக்கு ஒரு வலைச் சட்டம் வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை இழுப்பார். காம்பு, இதழ், இலை என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூ எழும்பும். கோடு பிசகவே பிசகாது. சாயம் கலப்பது மட்டும் மனைவி ராதிகா. கலந்த டப்பாவை அந்தந்தச் சட்டத்தருகே வைத்துவிடுவார்.

போன ஆடியில் ராதிகா படவேட்டுக் கோயிலுக்குப் புறப்பட்ட அவசரத்தில், டப்பாக்களை அலமாரியிலேயே விட்டுவிட்டார். சேத்துப்பட்டுக் கடைக்காரர் அவசரப்படுத்தவே, இளஞ்செழியன் தாமே அவற்றை எடுத்து மூன்று புடவைகளை அடித்து முடித்தார்.

பஸ் கிடைக்காமல் சாயங்காலம் வந்து சேர்ந்த ராதிகா கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது? இலையெல்லாம் செவப்பு, பூவெல்லாம் பச்சை!"

"வெளாடாத. நல்லாத்தானே வந்துகீது."

"கண்ணத் தொறந்து பாருங்க!"

பார்த்தார். இலையும் பூவும் கொஞ்சம் முன்னே பின்னே ஒரே மண்நிறம். எப்போதும் அப்படித்தான் தெரியும்.

ராதிகா இரண்டு டப்பாக்களைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். "எது செவப்பு?"

தயங்கித் தயங்கிப் பச்சை டப்பாவைத் தொட்டார். ராதிகாவின் முகம் வெளுத்துப்போனது. "அதான் எப்பப் பாத்தாலும் காய்த் தக்காளியா வாங்கினு வர்றீங்களா?" என்றார் மெல்ல.

கண் டாக்டர் புள்ளிகள் நிறைந்த அட்டையை நீட்டினார். கூட வந்த மகள் கனிமொழி பட்டென்று எண்ணைப் படித்தாள். இளஞ்செழியனுக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன.

"சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத நிறக்குருடு. பிறவியிலேயே வந்தது. மருந்து கிடையாது" என்றார் டாக்டர்.

திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் ஓடிய மரங்களையே வெறித்தார். அவற்றில் மற்றவர்கள் எதையோ பார்க்கிறார்கள். இத்தனை வருஷம் அது அவருக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "நம்ம கல்யாணத்துல நீ கட்டினது இன்னா கலரு?"

"அரக்குச் செவப்பு."

"நான் அதப் பாக்கவே இல்லியே, ராதிகா!"

ராதிகா பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

கடைக்காரர் அந்தப் புடவைகளை வாங்கவில்லை. இளஞ்செழியன் பல நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை, பிறகு போனார். கை அதே சுத்தம்தான். ஆனால் ஒவ்வொரு பூவும் காய்ந்ததும், "எப்பிடி வந்துகீது, சொல்லு" என்று கேட்கிறார். ராதிகா சொல்லச் சொல்ல, நம்ப முடியாமல் புடவையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.