மேனேஜர் போன பிறகு

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் காரில் இரண்டு பிரேக்: ஓட்டக் கற்பவரின் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் இவர் காலடியில் இன்னொன்று. தெருத் திருப்பத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தன் முகத்தில் என்ன வருகிறது என்றுதான் மனிதருக்குத் தெரியாது.

எங்கள் நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது, எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்க்கும் என்பதால் மகள் வைத்த பெயர். போன மாதம் அது வயதாகிச் செத்துப்போனது. நானும் மகளும் குலுங்கிக் குலுங்கி அழுதோம். இவர் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார், மண்ணை மூடினார், கை கழுவினார், காலை வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காப்பா?" என்று மகள் கேட்டாள். இவர் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசுவதில்லை. வெளியூரில் வேலைக்கு எழுதிப்போட்டாள், கிடைத்தும்விட்டது. போனால் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வந்தது.

அப்புறம் இவருக்கு நெஞ்சு வலித்தது. சாப்பாடு இறங்கவில்லை. வாயு என்று சொல்லி மாத்திரை விழுங்கினார், அடங்கவில்லை. நான் பயந்துபோய் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். மகளும் உம்மென்று கூட வந்தாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது.

"சமீபத்துல வீட்ல ஏதாவது நடந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்லையே," என்றார் இவர்.

"நாய் செத்துப்போச்சு டாக்டர்," என்றேன் நான். வீட்டு ரகசியத்தைப் போட்டு உடைத்த மாதிரி என்னை முறைத்தார்.

"துக்கம்கூட சில பேருக்கு இப்படி வலியா வரும்," என்றார் டாக்டர். இவருக்கு அது புரியவே இல்லை. "நாய்க்குப் போயா?" என்று படியிறங்கும்போது தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது மகள் ஓட்டினாள். அவள் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறாள், அதனால் இவர் பக்கத்தில், நான் பின்னால். எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் கார் குலுங்கி நின்றது. எதிரே ஈ காக்கை இல்லை.

"ஏன்பா பிரேக் போட்ட?" ஒரு மாதம் கழித்து அப்போதுதான் அவரிடம் பேசினாள்.

"மேனேஜர் படுத்திருக்கும்ல," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தினமும் அந்த இடத்தில், நடுத்தெருவில், அது படுத்துக் கிடக்கும். எழுந்து சோம்பல் முறித்து நகரும்வரை இவர் ஹாரன்கூட அடிக்காமல் காத்திருப்பார்.

அவர் உதடு கோணியது.

"எங்கம்மா செத்தப்போ ஒரு சொட்டுக் கண்ணீர் வரலம்மா. ஒண்ணுமே ஆகல எனக்கு. இப்போ ஒரு நாய்க்கு இந்த வலி வலிக்குது. அப்போ அம்மா மேல எனக்குப் பாசமே இல்லையா? இல்ல, இந்த வலியே அம்மாவுக்குத்தானா? ஒண்ணுமே புரியலம்மா. பயமா இருக்கு."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? பின்னால் ஒரு வேன் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் இன்ஜினை அணைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்பா. இப்போ அழு."

அழுதார். பின் சீட்டில் நானும் அழுதேன். என் மாமியாரும் நானும் கடைசிவரை எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். அந்த மாமியாருக்காக நான் அழ ஒரு காரணமும் கிடையாது. ஆனால் மேனேஜருக்காக நான் அழுது தீர்த்து ஒரு மாதம் ஆகிவிட்டதே.