நசீமா மிஸ்ஸின் செய்தி ஏன் பிந்தி வந்தது

நசீமா மிஸ் காலமான செய்தி எனக்கு நூலகத்தின் பேஸ்புக் பக்கத்தில்தான் கிடைத்தது. மாலை நேரம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றது. பொழுது போகாமல் தொலைபேசியைத் திறந்தேன். கறுப்புப் பின்னணி, ஒரு மூலையில் எரியும் மெழுகுவர்த்தி, மறுமூலையில் நூலகத்தை நடத்தும் சபையின் தலைவருடைய சிரித்த முகம், நடுவில் மிஸ். ஐந்து வேளையும் தொழுத பெண்ணுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய அறிவாளி யாரென்று எனக்குத் தெரியும். அவரிடம் பிறகு வருகிறேன். அந்த இடத்திலிருந்தே மிஸ்ஸின் மகனுக்கு அழைப்பெடுத்தேன்.

"அசர் தொழுகையோட அடக்கிட்டோம் அங்கிள்" என்றார் அவர். "காலையிலயே லைப்ரரிக்கு கோல் எடுத்துச் சொன்னேனே. உம்மாட ஆக்களுக்கெல்லாம் பேஜ்ல சொல்லிடுங்க என்டு. நீங்க வருவீங்க என்டுதான் பார்த்துக்கிட்டு ஈந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. ஆகவே மிஸ்ஸை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறிந்தவர்போல அந்தப் பதிவின் கீழ் கண்ணீர்ப் பொம்மை போட்டுக்கொண்டிருப்பவர்களும் வாசிக்கட்டும், தவறில்லை.

எங்கள் பொது நூலகத்தில், இருவரும் ஓய்வுபெறும்வரை, அவர் நூலகர், நான் உதவி நூலகர். பக்கத்துப் பக்கத்து மேசை. பேஸ்புக் பக்கத்தைத் தொடங்கியவர் அவர்தான். முதல் பதிவை என்னை எழுதச் சொன்னார். "வாசிப்பால் உயர்வோம், அறிவால் ஒளிர்வோம்" என்று எதையோ எழுதி, ஒரு தாமரைப் பூவையும் ஒட்டிக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "இத வாசிச்சு யாரு பஸ் ஏறுவாங்க, சிவா சேர்?" என்று கேட்டு அழித்துவிட்டார். அதற்குப் பதிலாக, அன்று காலை திரும்பி வந்த புத்தகங்களை மேசையில் அடுக்கிப் படமெடுத்துப் போட்டார். "இவை வந்துவிட்டன. யாருக்கு வேண்டும்?" அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் கேள்விகள் வரத் தொடங்கின. தமிழில், சிங்களத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக. ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் போட்டார். "வாசிக்க வாறவங்களுக்குக் கதிரை போடுறோம் தானே. பேஜ்ல வாறவங்களுக்குப் பதில்தான் கதிரை" என்பார்.

அவரைத் தேவதையாக்க எனக்கு விருப்பமில்லை. வாய் நீளம். யாரோ ஒருவர் நாவலொன்றின் ஓரத்தில் பேனையால் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தார். மிஸ் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, "இதைச் செய்தவர் வந்து அழித்துவிட்டுப் போகவும்" என்று போட்டார். இப்படிப் பகிரங்கமாக மானத்தை வாங்கலாமா என்று நான் சண்டை பிடித்தேன். ஓய்வுபெற்ற பெரிய மனிதர் ஒருவர் மறுநாள் வெள்ளை மையோடு வந்து, மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோடாக மறைத்துவிட்டுப் போனார். போகும்போது மிஸ் அவருக்கு வேறு நாவலொன்றைக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனிதர் பேஸ்புக் பக்கத்துக்கு வராத நாளில்லை.

கொழும்பிலிருந்து ஒருவர், நூலகங்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பயிற்சி கொடுக்க வந்தார். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள், பிரமுகர்களின் படம் போட்டால் எவ்வளவு கூடும் என்று வாய் கிழியப் பேசினார். மிஸ் எழும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லைக் போட்டவர் புத்தகம் எடுத்தாரா, சேர்?" பயிற்சியாளர் சிரித்துச் சமாளித்தார். எங்கள் சபைத் தலைவர் சிரிக்கவில்லை. தலைவர் விளக்கேற்றிய படம், நிவாரணப் பொதி கொடுத்த படம், பொன்னாடை வாங்கிய படம் எல்லாம் மிஸ்ஸின் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் ஏறாது. அதைத் தலைவர் மறக்கவில்லை.

பிறகு அந்த மழை வந்தது. தெல்தோட்டைப் பக்கம் லெட்சுமி என்ற வாசகி இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளை காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. குழந்தைகளுக்குச் சொல்லக் கதைப் புத்தகம் உண்டா என்று பக்கத்தில் கேட்டு, மிஸ் பதில் போட்டு, அப்படி வந்து சேர்ந்தவர். அவரைப் பார்த்து அங்கிருந்து இன்னும் பலர் வந்தார்கள். புத்தகம் திருப்பும் நாள் தவறினால் அடுத்தமுறை தரமாட்டார்களோ என்று பயந்தவர்கள். அன்று விடியற்காலை அந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், மிஸ் வீட்டிலிருந்தே பதிவு போட்டார். "பாதையில் மண் சரிகிறது. புத்தகம் திருப்ப யாரும் கிளம்ப வேண்டாம். தண்டம் இல்லை. இதை வாசிப்பவர் பக்கத்து வீட்டுக்கும் சொல்லவும்." லெட்சுமி அப்போது தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிக்கொண்டிருந்தாராம். பாதிவழியில் படித்துவிட்டுத் திரும்பினார்.

மறுவாரம் சபையிலிருந்து விளக்கம் கேட்டார்கள். யாரைக் கேட்டுப் போட்டாய், தண்டத்தை நிறுத்த நீ யார் என்று. நானும் கூடப் போயிருந்தேன். மிஸ் உட்காரவே இல்லை. "அனுமதி எடுத்து முடியிற நேரத்துல ஆக்கள் பஸ்ல ஏறி ஈப்பாங்க, சேர். சேதி முதல்ல. மத்ததெல்லாம் பொறகு" என்றார். ஒருவராவது வாய் திறந்து அது சரிதானே என்று சொல்லவில்லை. பக்கத்தை அவரிடமிருந்து பிடுங்கி, தலைவரின் ஊடகப் பொறுப்பாளரிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பக்கம் முழுக்கப் பொன்னாடைதான். கேள்வி கேட்டவர்களுக்குப் பதிலில்லை. மிஸ் ஓய்வுபெறும்வரை, வாசகர்களின் கேள்விகளைத் தன் தொலைபேசியில் வெறுமனே பார்த்துக்கொண்டு பக்கத்து மேசையில் இருந்தார். அவரை ஒடித்தது அதுதான். வேறு நோயைச் சொல்பவர்கள் சொல்லட்டும்.

மெழுகுவர்த்திக்காரரும் அந்தப் பொறுப்பாளர்தான். அடக்கத்தன்று இரவே அவருக்கு அழைப்பெடுத்தேன். காலையில் செய்தி வந்ததை ஒப்புக்கொண்டார்.

"தலைவர் மீட்டிங்ல இருந்தாரு, சேர். அவர்ட அனுதாபச் செய்தி இல்லாம போட ஏலாது தானே. அவர் ஓகே சொன்ன கையோட போட்டுட்டேன்."

"அதுக்குள்ள அடக்கிட்டாங்க தம்பி."

"அது நமக்குத் தெரியாது தானே, சேர்."

ஒரு முஸ்லிம் வீட்டு மரணத்தை அன்றே அடக்குவார்கள் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதாம்.

மறுநாள் காலை மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். கேற்றுக்கு வெளியே தெல்தோட்டைக்காரர்கள் நின்றார்கள், லெட்சுமி முன்னால். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அடக்கம் இன்றைக்கு என்று நினைத்து வந்தவர்கள். நேற்றே அடக்கிவிட்டார்கள் என்று சொன்னேன்.

"மண்ணு சரிஞ்சப்ப எங்களுக்கு விடியக்காலயிலயே சொன்னவங்க அவங்க" என்றார் லெட்சுமி. "அவங்க போனத எங்களுக்குச் சொல்ல உங்க லைப்ரரில ஒரு வாய் இல்லாமப் போச்சுங்களா?"

உள்ளே இருந்து மகன் வந்து எல்லோரையும் கூட்டிப்போய் உட்காரவைத்தார். "பேஜ்ல போட்ட உம்மாட அந்தப் போட்டோவ எடுத்துடச் சொல்லுங்க அங்கிள், அவங்களுக்குப் பிடிக்காது" என்று என் காதருகே சொன்னார். சொன்னேன். தலைவர் அனுமதித்தால் எடுப்பார்களாம்.

இப்போது இரங்கல் கூட்டம் வைக்கப்போகிறார்கள். தலைமை, தலைவர். அதற்கு மட்டும் பக்கத்தில் காலையும் மாலையும் அறிவித்தல் வருகிறது. நினைவு மலரில் போட என்னிடமும் அஞ்சலி கேட்டார்கள். முன்கூட்டியே அனுப்ப வேண்டுமாம், தலைவர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போக வேண்டுமாம்.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். சேதி முதலில், மற்றதெல்லாம் பிறகு. லெட்சுமியிடமும் அன்று வந்த மற்றவர்களிடமும் தொலைபேசி இலக்கம் வாங்கி வைத்திருந்தேன். இதை எழுதி முடித்ததும் அவர்களுக்கு அனுப்பினேன், அவர்கள் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் வாசித்துவிட்டீர்கள். தலைவர் இன்னும் பார்க்கவில்லை.